வயதுப் புள்ளிகளும் வெளுப்பு மருந்தும்: வைத்தியரிடம் கேட்போம், கைப்பையில் தேட வேண்டாம்

எமது சங்கத்தின் மூத்தோர் ஒன்றுகூடல்களில் நீரிழிவைப் பற்றிக் கதைக்கிறோம், கொலஸ்ரோலைப் பற்றிக் கதைக்கிறோம், முழங்கால் சத்திரசிகிச்சைக்கு எத்தனை மாதம் காத்திருந்தோம் என்பதைப் போட்டிபோட்டுச் சொல்கிறோம். கன்னத்திலும் புறங்கையிலும் விழுகிற கரும்புள்ளிகளைப் பற்றி மட்டும் எவரும் எழுந்து நின்று கேள்வி கேட்பதில்லை. அந்தக் கதை தேநீர் நேரத்துக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கிறது. அப்போதுதான் ஒரு கைப்பையிலிருந்து இன்னொரு கைப்பைக்கு ஒரு சிறிய ரியூப் போகும். "உதை இரவில பூசிப் பாருங்கோ அன்ரி, ரெண்டு கிழமையில முகம் பளிச்செண்டு வரும்" என்று ஒரு சிபாரிசும் கூடவே போகும். அந்த ரியூப் கொழும்பிலிருந்தோ சென்னையிலிருந்தோ யாரோ ஒருவரின் பயணப் பெட்டியில் வந்ததாக இருக்கும். அதற்குள் என்ன இருக்கிறது என்று கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது.

இந்த இதழின் சுகாதாரப் பகுதியில் இதை எழுதுவதற்குக் காரணம் அந்த ரியூப்தான். புள்ளிகளை மங்கச் செய்ய விரும்புவது தவறு என்று நாம் சொல்ல வரவில்லை. அறுபது வயதில் கண்ணாடி பார்க்கிற ஒருவர், நேற்று வரை இல்லாத ஒரு கறை இன்று இருக்கிறதே என்று கவலைப்படுவது இயல்பு. "இந்த வயதில் உனக்கென்ன அழகு" என்று கேட்பவர்கள் தங்கள் தலைமயிருக்குச் சாயம் பூசிக்கொண்டுதான் அதைக் கேட்கிறார்கள். அதற்கு மருந்தும் உண்டு. சரியான ஆளுக்கு, சரியான புள்ளிக்கு, சரியான காலத்துக்குக் கொடுத்தால் வேலை செய்கிற மருந்து. எமது சண்டை மருந்தோடு அல்ல, அது எம்மிடம் வந்து சேருகிற வழியோடு.

மருந்தின் பெயர் ஐதரோகுயினோன். எமது தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்ற பொருள். அதை உண்டாக்கத் தோலின் நிறக் கலங்களுக்கு ஒரு நொதியம் தேவை. ஐதரோகுயினோன் அந்த நொதியத்தின் வேலையைத் தடுக்கிறது. ஆகவே இது சலவைக்காரர் துணியை வெளுப்பது போல இருக்கிற கறையை உடனே அழிக்கிற மருந்து அல்ல. புதிதாக நிறம் உண்டாவதைக் குறைக்கிறது. பழைய நிறம் தோலோடு மெல்ல மெல்ல உதிர்கிறது. அதனால்தான் நாலு முதல் ஆறு கிழமை வரை ஒன்றும் நடக்காதது போலத் தோன்றும். இரண்டு கிழமையில் பளிச்சென்று ஆக்குகிற கிறீம் என்றால், அதற்குள் வேறு ஏதோ இருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். அது என்ன என்பதற்குப் பின்னர் வருவோம்.

இங்கே சட்டம் தெளிவாக இருக்கிறது. தோலை வெளுக்கச் செய்யும் அழகுசாதனங்களில் ஐதரோகுயினோன் சேர்ப்பது ஐரோப்பிய ஒன்றியத்தில் 2001 இல் தடைசெய்யப்பட்டது. ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பின்னரும் பிரித்தானியாவில் அந்தத் தடை தொடர்கிறது. ஆனால் வைத்தியர் எழுதிக் கொடுத்தால் மருந்தாகப் பெறலாம். அதாவது கடைத் தட்டில் இருந்தால் சட்டவிரோதம், மருந்துச் சீட்டில் இருந்தால் சிகிச்சை. இதைச் சிலர் "அரசாங்கம் தடைசெய்த நஞ்சை வைத்தியர்கள் எழுதுகிறார்கள்" என்று விளங்கிக்கொள்கிறார்கள்; வேறு சிலர் "வைத்தியரே எழுதுகிற மருந்துதானே, கடையில் வாங்கினால் என்ன" என்கிறார்கள். இரண்டும் ஒரே தவறின் இரண்டு பக்கங்கள். தடை செய்யப்பட்டது, அளவும் காலமும் கண்காணிப்பும் இல்லாத பாவனை.

லண்டனில் இது ஏட்டுச் சட்டமாக மட்டும் கிடக்கவில்லை. சவுதாக் போன்ற பறோக்களின் வர்த்தகத் தர அதிகாரிகள் பல ஆண்டுகளாகக் கடைகளைச் சோதனையிட்டு இத்தகைய கிறீம்களைப் பறிமுதல் செய்து, விற்றவர்களை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். 2019 செப்ரெம்பரில் இங்கிலாந்து, வேல்ஸ் உள்ளூராட்சி சபைகளின் சங்கம் நாடு தழுவிய எச்சரிக்கை ஒன்றை விடுத்தது. இந்தக் கிறீம்களை அது சுவர்ப் பெயின்றை உரித்தெடுக்கும் திரவத்துக்கு ஒப்பிட்டது. ஒப்பீடு சற்று மிகையானது என்பது எமது எண்ணம்; மருந்தாக அதைப் பாவிப்பவர்களை அது வீணாகப் பயமுறுத்தும். ஆனால் கடைக் கிறீம்களில் ஐதரோகுயினோன் எத்தனை வீதம் இருக்கிறது, கூட என்ன கலந்திருக்கிறது என்று எவருக்கும் தெரியாத நிலையில், அந்தச் சங்கம் உரத்துச் சொன்னதைக் குறைசொல்லவும் முடியாது. எமது கடைகளிலும் இப்படிப் பொருட்கள் வருவதில்லை என்று மார்தட்ட நாம் தயாரில்லை.

1975 என்ற ஆண்டு

இந்த மருந்தின் கதையில் 1975 ஒரு விசித்திரமான ஆண்டு. அந்த ஆண்டில்தான் அமெரிக்கத் தோல் வைத்தியர் அல்பேர்ட் கிளிக்மன், ஐசக் வில்லிஸ் என்பவருடன் சேர்ந்து, மூன்று மருந்துகளைக் கலந்த சூத்திரம் ஒன்றை வெளியிட்டார்: ஐதரோகுயினோன் 5 வீதம், ட்ரெட்டினொயின் 0.1 வீதம், டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டெரொயிட் 0.1 வீதம். (சிறைக் கைதிகளின் தோலில் பரிசோதனைகள் செய்தவர் என்ற கறை கிளிக்மனின் பெயரில் இருக்கிறது, அது தனிக் கதை.) இன்று லண்டனில் தோல் வைத்தியர்கள் எழுதிக் கொடுக்கிற மும்மருந்துக் கலவைகள் அந்தச் சூத்திரத்தின் வழிவந்தவை. ஸ்டெரொயிட்டை மட்டும் மென்மையானதாக மாற்றிவிட்டார்கள்.

அதே 1975 இல் தென்னாபிரிக்காவில் ஃபின்ட்லே என்ற வைத்தியரும் அவரது சகாக்களும் வேறொன்றை எழுதினார்கள். வெளுப்புக் கிறீம்களை ஆண்டுக்கணக்காகப் பூசிய கறுப்பினப் பெண்களின் கன்னங்களில், நீலம் கலந்த கருமை நிறத்தில் படைபடையாக ஒரு மாற்றம் வந்திருந்தது. சிலருக்குச் சிறு மணிகள் போலத் தோல் தடித்திருந்தது. காரணம் ஐதரோகுயினோன். ஒக்ரோனோசிஸ் என்று இதற்குப் பெயர். வெளுக்கப் பூசிய மருந்தே கறுக்கச் செய்கிறது, கறுப்பதைப் பார்த்து இன்னும் கூடுதலாகப் பூசுகிறார்கள், மேலும் கறுக்கிறது. இது ஒருமுறை வந்துவிட்டால் முற்றாகப் போக்குவது மிகக் கடினம். தென்னாபிரிக்கா 1990 இல் அழகுசாதனங்களில் ஐதரோகுயினோனைத் தடைசெய்தது.

இன்னொன்றும் அதே ஆண்டில் நடந்தது. இந்தியாவில் 'ஃபெயார் அன்ட் லவ்லி' சந்தைக்கு வந்தது 1975 இல்தான். அதில் ஐதரோகுயினோன் கிடையாது. அதை இந்தக் குற்றக் கூண்டில் நாம் நிறுத்தவில்லை. ஆனால் முகத்தில் ஏதாவது பூசினால் வெள்ளையாகலாம் என்ற நம்பிக்கையை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்த விளம்பரங்கள் அங்கே தொடங்கின. 2020 இல் பெயரிலிருந்து 'ஃபெயார்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'குளோ' என்று மாற்றினார்கள். பெயர் மாறியது. பொண்ணு பார்க்க வருகிறவர்களின் முதல் கேள்வி மாறியதா என்பதை வாசகர்களே அறிவீர்கள்.

புள்ளியா, வேறொன்றா?

மருந்தைப் பற்றிப் பேசுமுன் கேட்க வேண்டிய கேள்வி, பூசப்போகிற இடத்தில் இருப்பது என்ன என்பது. இதை எம்மவர் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறார்கள். எமக்கு எல்லாமே கரும்புள்ளி, அல்லது மங்கு.

வயதுப் புள்ளி என்பது ஆண்டுக்கணக்கான வெயிலால் வருவது. தட்டையாக, தெளிவான விளிம்போடு, முகத்திலும் புறங்கையிலும் இருக்கும். மங்கு வேறு: இரு கன்னங்களிலும் நெற்றியிலும் மேலுதட்டிலும் படமாகப் பரவியிருக்கும், பெண்களுக்கு அதிகம், கர்ப்ப காலத்திலும் கருத்தடை மாத்திரை எடுக்கும்போதும் கூடும். கன்னத்தில் மிளகு தூவினாற்போலச் சிறு கறுப்பு மருக்கள் வந்தால், அவை எமது தோலில் பரம்பரையாக வருபவை. தீங்கில்லை, எந்தக் கிறீமுக்கும் மசியமாட்டா. நெற்றியோரமும் காதோரமும் சாம்பல் நிறமாகக் கறுத்து வந்தால் தலைமயிர்ச் சாயத்தின் ஒவ்வாமையாக இருக்கலாம். சாயத்தை நிறுத்தாமல் கிறீம் பூசுவது, குழாயைத் திறந்துவிட்டு நிலத்தைத் துடைப்பது போன்றது. குங்குமம் வைக்கிற இடத்திலும் இப்படி வரும். ஒட்டுப்பொட்டின் பசையால் சிலருக்கு அதற்கு மாறாக வெள்ளையாகவும் போகும்.

இதில் கூடிய கவனம் வேண்டியவை இரண்டு. ஒன்று, பிடரியிலும் அக்குளிலும் வெல்வெற் துணி போலத் தடித்து வருகிற கருமை. "கழுத்துச் சரியாகக் குளிக்கிறதில்லை" என்று பிள்ளைகளை ஏசுவதுண்டு. அது அழுக்கல்ல, பெரும்பாலும் உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளம். நீரிழிவு எமது சமூகத்தை எப்படிப் பிடித்திருக்கிறது என்பதை நாம் சொல்லத் தேவையில்லை. அந்தக் கழுத்துக்குத் தேவை வெளுப்புக் கிறீம் அல்ல, ஒரு இரத்தப் பரிசோதனை.

இரண்டாவது புற்றுநோய். மெலனோமா வெள்ளைக்காரரின் நோய் என்று ஒரு நம்பிக்கை எம்மிடம் உண்டு. எமக்கு அது மிகக் குறைவு என்பது உண்மைதான். ஆனால் வரும்போது உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தின் கீழும் வருவதால், பிந்தியே கண்டுபிடிக்கிறார்கள். பாடகர் பொப் மார்லி 1981 இல் இறந்தது கால்விரல் நகத்தின் கீழ் தொடங்கிய மெலனோமாவால்தான். முகத்தில் வருகிற ஒரு வகை மெலனோமா, ஆரம்பத்தில் வயதுப் புள்ளி போலவே தெரியும். அதன்மேல் வெளுப்பு மருந்து பூசினால் நிறம் மங்கும், நோய் இருக்கும். ஆகவே தனியாக ஒரு புள்ளி மட்டும் வளர்ந்தால், வடிவம் கோணினால், இரண்டு மூன்று நிறம் காட்டினால், கடித்தால், இரத்தம் கசிந்தால், முதலில் ஜீ.பி.யிடம் காட்டுங்கள். சந்தேகம் வந்தால் ஜீ.பி. அவசரமாகத் தோல் நிபுணரிடம் அனுப்புவார். அது முழுக்க என்.எச்.எஸ். செலவில். அந்தப் புள்ளியில் அதற்கு முன் எதையும் பூசவே கூடாது.

சீட்டோடு வந்த மருந்தை எப்படிப் பாவிப்பது

வைத்தியர் பார்த்தார், வயதுப் புள்ளிதான், அல்லது மங்குதான் என்று சொல்லி மருந்து எழுதித் தந்தார் என்று வைத்துக்கொள்வோம். இங்கேயும் எம்மவர் பிழைவிடுகிற இடங்கள் பல. மருந்தில் நம்பிக்கை இல்லாததால் அல்ல, அளவுக்கு மிஞ்சிய நம்பிக்கையால். கொஞ்சம் பூசினால் கொஞ்சம் வெளுக்கும், நிறையப் பூசினால் நிறைய வெளுக்கும் என்ற கணக்கு தோலிடம் செல்லாது.

முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது பூசி ஒரு நாளாவது பாருங்கள். கொப்புளம் வந்தால், வீங்கினால், அந்த மருந்து உங்களுக்கு வேண்டாம். சற்றுச் சிவப்பதும் எரிவதும் ஆரம்பத்தில் சகஜம். அப்படியானால் ஒருநாள் விட்டு ஒருநாள் பூசலாமா என்று வைத்தியரைக் கேட்கலாம். பெரும்பாலும் இரவில், கழுவி நன்றாக உலர்ந்த தோலில், மெல்லிய படையாகப் பூசச் சொல்வார்கள். தனித்தனிப் புள்ளிகள் என்றால் காது துடைக்கும் பஞ்சுக் குச்சியின் நுனியால் புள்ளியில் மட்டும் தொட்டு வையுங்கள். விரலால் தேய்த்தால் சுற்றியுள்ள நல்ல தோலும் வெளுத்து, புள்ளியைச் சுற்றி ஒரு வளையம் தெரியும். புள்ளியைவிட அது அசிங்கம். கண், மூக்கு, உதடு ஓரங்களைத் தவிருங்கள். பூசியதும் கையைக் கழுவுங்கள். பூசிய முகத்தோடு பேரப்பிள்ளையைக் கட்டியணைத்துக் கொஞ்ச வேண்டாம். மருந்து அந்தக் கன்னத்துக்கும் போகும்.

ட்ரெட்டினொயின் கலந்த கிறீம் பாவிக்கும் நாட்களில் தோல் மெல்லியதாக, உரியக்கூடியதாக இருக்கும். அந்தக் காலத்தில் முகத்தில் வாக்ஸிங், பிளீச், கடுமையான ஃபேஷியல் எதுவும் வேண்டாம்; கலியாணத்துக்கு முதல் நாள் பார்லருக்குப் போய்த் தோல் உரிந்து வருகிறவர்கள் இதனால்தான். முகப்பருவுக்கான பென்ஸொயில் பெரொக்சைட்டை ஐதரோகுயினோனோடு சேர்த்துப் பூசினால் தோலில் பழுப்புக் கறை படியும். ரியூப்பில் உள்ள கிறீமே பழுப்பாக மாறியிருந்தால் காற்றுப்பட்டுக் கெட்டுவிட்டது, எறிந்துவிடுங்கள். விலை கொடுத்து வாங்கியதென்று மனம் வராது, தெரியும்.

கர்ப்பிணிகளும், கர்ப்பமாக எண்ணியிருப்பவர்களும் இதைப் பாவிக்கக் கூடாது. பாலூட்டும் தாய்மார் வைத்தியரிடம் சொல்லிவிட்டே தொட வேண்டும். கர்ப்ப காலத்தில் வந்த மங்கு பலருக்குப் பிள்ளை பிறந்து சில மாதங்களில் தானாகவே மங்கிவிடும், பொறுத்துப் பார்க்கலாம். பொறுக்க முடியாவிட்டால் அசெலெயிக் அமிலம் போன்ற வேறு மருந்துகளைப் பற்றி வைத்தியரிடம் கேட்கலாம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது நிறுத்துகிற திகதி. பொதுவாக எட்டு முதல் பன்னிரண்டு கிழமை வரைதான் இந்தச் சிகிச்சை. மூன்று மாதத்தில் பயன் தெரியாவிட்டால் அதற்கு மேல் பூசுவதில் அர்த்தமில்லை. பயன் தெரிந்தாலும் வைத்தியர் சொன்ன நாளில் நிறுத்தி இடைவெளி விட வேண்டும். தென்னாபிரிக்கப் பெண்களின் கன்னத்தில் நடந்தது பெரும்பாலும் ஆண்டுக்கணக்கான பாவனையால்தான். வைத்தியர் திகதி சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்; ரியூப்பின் பெட்டியில் பேனாவால் எழுதி வையுங்கள். பூசுகிற காலத்தில் அந்த இடம் முன்னையைவிடக் கறுக்கத் தொடங்கினால், திகதிக்குக் காத்திராமல் அன்றே நிறுத்துங்கள்.

இனி வெயில். "லண்டனில் எங்கே வெயில்" என்று சிரிப்பவர்கள், ஏப்ரல் முதல் செப்ரெம்பர் வரை இங்கும் புறஊதாச் சுட்டெண் தோலைக் கறுக்கச் செய்யும் அளவுக்கு ஏறுகிறது என்பதை மறக்கிறார்கள். முகில் அதை முழுதாகத் தடுக்காது. கார்க் கண்ணாடியூடாகவும் ஒரு பகுதி வரும். ஐதரோகுயினோன் நிறத்தைக் குறைக்க, வெயில் அதைத் திரும்ப உண்டாக்க, மூன்று மாத உழைப்பும் காசும் ஒரு கோடை விடுமுறையில் போய்விடும். எஸ்.பி.எப். 30 அல்லது அதற்கு மேற்பட்ட சன்கிறீமை, முகத்துக்கும் கழுத்துக்குமாக இரண்டு விரல் நீளம் எடுத்துப் பூசுங்கள்; வெளியில் நின்றால் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மீண்டும் பூசுங்கள். கண்ணுக்குத் தெரிகிற ஒளியே எமது போன்ற தோலில் மங்கைக் கூட்டும். ஆகவே தோல் நிறச் சாயம் கலந்த, இரும்பு ஒக்சைட் உள்ள சன்கிறீம் எமக்குக் கூடுதல் பயன் தரும். வெள்ளையாகத் திட்டுத் திட்டாக நிற்கிற சன்கிறீமைப் பார்த்து முகம் சுளித்தவர்களுக்கு இது நல்ல செய்தியும்கூட.

உண்மையான வயதுப் புள்ளிகளுக்குக் கிறீமின் பலன் அளவானதுதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். உறைய வைப்பதும் லேசரும் விரைவாக வேலை செய்யும். ஆனால் எமது தோலில் உறைய வைத்த இடம் வெள்ளையாகிவிடலாம். பழக்கமில்லாதவர் கையில் லேசர் தீக்காயத்தையும் புதிய கருமையையும் தரலாம். கறுத்த தோலில் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள் என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல.

பெட்டியில் வருகிற ரியூப்

இரண்டு கிழமையில் பளிச்சென்று ஆக்குவது எது என்று கேட்டோமல்லவா? பெரும்பாலும் ஸ்டெரொயிட். பெற்றாமெதசோன், குளோபெற்றசோல் போன்ற வலுவான ஸ்டெரொயிட்டுகள் தோலை உடனே வெளிறச் செய்யும். எக்ஸிமாவுக்கு அவை அருமையான மருந்து. முகத்தில் மாதக்கணக்காகப் பூசினால் தோல் மெலிந்து, இரத்தக் குழாய்கள் சிவப்பு நூல்களாகத் தெரியும், பருக்கள் வரும், மேலுதட்டில் மயிர் வளரும். படர்தாமரை இருந்த இடத்தில் பூசினால் அது மறைந்தது போலக் காட்டிவிட்டு அகலமாகப் பரவும். நிறுத்தினால் முகம் எரிந்து சிவக்கும். அந்த எரிவைத் தாங்க முடியாமல் மீண்டும் பூசுகிறார்கள். அதையே "இந்தக் கிறீம் எனக்கு ஒத்துவருகிறது" என்று நினைக்கிறார்கள். இந்தியாவில் வலுவான ஸ்டெரொயிட் கிறீம்களைச் சீட்டில்லாமல் விற்பதை 2018 இல் கட்டுப்படுத்தினார்கள். அதற்குப் பிறகும் ஊருக்குப் போய்வருகிறவர்களின் பெட்டியில் எதுவும் குறைந்ததாகத் தெரியவில்லை.

மற்றது இரசம். பாதரசத்தைத்தான் சொல்கிறோம். அதுவும் மெலனினைத் தடுக்கும், கூடவே சிறுநீரகத்தையும் கெடுக்கும். கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில், கோட்டக்கல்லில் உள்ள மருத்துவமனை ஒன்றின் சிறுநீரக வைத்தியர்கள், 2021 ஜூலை முதல் 2023 செப்ரெம்பர் வரை ஒரு வகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரைக் கவனித்தார்கள். அவர்களில் 15 பேருக்கு அந்த நோயின் அபூர்வமான ஒரு பிரிவு இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் வெளுப்புக் கிறீம் பூசியவர்கள். முகத்தில் பூசியதற்குச் சிறுநீரில் புரதம் போகிறது, கால் வீங்குகிறது. யாருக்கு அந்தத் தொடர்பு தோன்றும்? வைத்தியர் "என்ன மருந்து எடுக்கிறீர்கள்" என்று கேட்டால் கிறீமைச் சொல்ல வேண்டும் என்றே எமக்குத் தோன்றுவதில்லை.

2013 இல் கையெழுத்தான மினமாட்டா உடன்படிக்கை இரசம் கலந்த அழகுசாதனங்களை உலக அளவில் ஒழிக்க முயல்கிறது. பிரித்தானியாவில் அவை விற்கத் தடை. ஆனாலும் பெயரில்லாத டப்பாக்களில் வருகின்றன. பொருட்களின் பட்டியலே இல்லாவிட்டால் வாங்காதீர்கள். பட்டியல் இருந்தால், மெர்க்கூரி, மெர்க்கூரியஸ் குளோரைட், கலோமெல் என்பவை இரசத்தின் பெயர்கள். குயினோல் என்பது ஐதரோகுயினோனின் இன்னொரு பெயர். பட்டியலில் இல்லை என்பதால் உள்ளே இல்லை என்றும் ஆகாது.

இதற்கெல்லாம் பயந்து எலுமிச்சம் புளியை முகத்தில் தேய்க்கிறவர்களும் இருக்கிறார்கள். இயற்கையானது என்பது பாதுகாப்பானது என்று பொருளல்ல. எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் வெந்து கொப்பளித்து, மாதக்கணக்கில் நிற்கிற கறையைத் தரும். இருந்த புள்ளியே பரவாயில்லை என்றாகிவிடும்.

எமது கருத்தில் உண்மையான ஆபத்து அறுபது வயது அன்ரிக்கு மட்டும் அல்ல. அவரது மேசையில் இருக்கும் ரியூப்பை எடுக்கிற பதினாலு வயதுப் பேத்திக்குத்தான். அம்மம்மா புள்ளிக்குப் பூசுகிறார். பேத்தி முகம் முழுவதும் பூசுகிறாள். "கறுத்துப் போனாய், வெயிலுக்குள்ள திரியாதை" என்று கோடை முழுவதும் கேட்டு வளர்ந்தவள் வேறென்ன செய்வாள்? வயதுப் புள்ளிக்கு மருந்து கேட்பதும், பிறந்த நிறத்தை மாற்ற மருந்து தேடுவதும் ஒன்றல்ல. ஒன்றுக்கு வைத்தியர் சீட்டு எழுதுவார். மற்றதற்கு எந்த நல்ல வைத்தியரும் எழுதமாட்டார். பெரியவர்களின் பேச்சில் இந்த வேறுபாடு தெரியாவிட்டால் பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்? மருந்தைப் பூட்டி வையுங்கள். வாயையும் கொஞ்சம் பூட்டலாம்.

இனிச் செலவு. வயதுப் புள்ளியை அழகுக்காக மங்கச் செய்வதற்கு என்.எச்.எஸ். பொதுவாகப் பணம் செலவழிக்காது. மங்கு மனத்தை மிகவும் பாதிக்கிறது என்றால் ஜீ.பி.யிடம் சொல்லிப் பார்க்கலாம்; இடத்துக்கிடம் வேறுபடும். தனியாரிடம் போனால் வைத்தியரின் பெயர் ஜெனரல் மெடிக்கல் கவுன்சிலின் நிபுணர் பதிவேட்டில் இருக்கிறதா என்று இணையத்தில் பாருங்கள், இலவசமாகப் பார்க்கலாம். அறுபது வயதானவர்களுக்கு என்.எச்.எஸ். சீட்டு மருந்து இலவசம் என்பது தனியார் சீட்டுக்குப் பொருந்தாது என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். இணையப் பாமசியில் வாங்கினால் அது ஜெனரல் பார்மசூட்டிக்கல் கவுன்சிலில் பதிவானதா என்று பாருங்கள். முகத்தையோ படத்தையோ பார்க்காமல், எதையும் கேட்காமல் அனுப்புகிற இடம் பாமசி அல்ல, கடை.

ஏற்கெனவே ஊர்க் கிறீமை மாதக்கணக்காகப் பூசிக்கொண்டிருப்பவர்கள் இதை வாசித்துவிட்டு இன்றிரவே எறிந்துவிட வேண்டாம். ஸ்டெரொயிட் இருந்தால் திடீரென நிறுத்தும்போது முகம் கொதிக்கும். ரியூப்பைக் கையோடு கொண்டுபோய் ஜீ.பி.யிடமோ பாமசிக்காரரிடமோ காட்டி, எப்படி நிறுத்துவது என்று கேளுங்கள். அவர்கள் ஏசமாட்டார்கள், இதை அவர்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள். பெயரில்லாத டப்பா, இரசம் என்ற சந்தேகம் என்றால் உடனே நிறுத்தி, சிறுநீர்ப் பரிசோதனை கேட்டுப் பெறுங்கள்.

எந்த மருந்தாலும், சட்டவிரோதமாக வாங்கிய கிறீமாலும்கூட, பாதிப்பு வந்தால் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் மஞ்சள் அட்டைத் திட்டத்துக்கு நாமே அறிவிக்கலாம். வைத்தியர்தான் அறிவிக்க வேண்டும் என்றில்லை. கடையில் விற்பதைக் கண்டால் சிற்றிசன்ஸ் அட்வைஸ் ஊடாக வர்த்தகத் தர அதிகாரிகளுக்குச் சொல்லலாம். மஞ்சள் அட்டைப் படிவம் இணையத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில்தான் என்றாலும் வீட்டில் ஒரு பேரப்பிள்ளையை இருத்தினால் சில நிமிட வேலை. ரியூப்பின் படத்தையும், எங்கே வாங்கியது, எத்தனை நாள் பூசியது என்பதையும் தயாராக வைத்திருங்கள்.